ஏட்டுச் சுரைக்காய் என்று யார் சொன்னது?

பாலக்காட்டிலும் கோவையிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி, நிரல் சரியென்று நிரூபிக்க உதவும் கோக் என்ற கருவி என்று பேச்செடுத்தால், "அதைப் படிச்சா எந்தக் கம்பெனியில வேலை கிடைக்கும்?" என்ற கேள்விதான் முதலில் வரும். புரோகிராமை ஓட்டிச் சோதித்தால் போதும், அது சரியென்று கணக்குப்போல நிரூபிப்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது மாணவர், பெற்றோர், பிளேஸ்மென்ட் அதிகாரி எல்லோரும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை.

நம்பிக்கை தவறு. கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கும் ஒரு சின்ன நிரலுக்கு, வரக்கூடிய எல்லா ஜோடிகளையும் நொடிக்கு 100 கோடி வீதம் கொடுத்துச் சோதித்தாலும், முடிக்க 1க்குப் பின்னால் 22 சுழி போட்ட அளவு ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் சிலவற்றைச் சோதித்துவிட்டு மீதியைக் கடவுள்மேல் பாரம் போடுகின்றன. இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தலுக்கான அட்டவணையில் 5 இடங்கள் விடுபட்டிருந்தது, சிப் சந்தைக்கு வந்தபின் 1994இல்தான் வெளியே தெரிந்தது. நஷ்டம் 47.5 கோடி டாலர். அதன்பிறகு, நிரூபிக்கத் தெரிந்தவர்களை இன்டெல்லே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது.

கஞ்சிக்கோட்டில் இருக்கிறது பாலக்காடு ஐஐடி. அங்கே கணினியியல் பேராசிரியராக இருக்கும் பியூஷ் குரூர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர். குறியாக்க நிரல்களைப் பிழையில்லாமல் எழுத வழிதேடும் அவருடைய வேலை எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் 2014இல் அம்பலமான 'ஹார்ட்பிளீட்' ஓட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு ஒரு முனை ஏதோ ஒரு சொல்லை அனுப்பும். மறுமுனை அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே எழுத்தை அனுப்பிவிட்டு, 'நான் அனுப்பியது 64 ஆயிரம் எழுத்து' என்று புளுகினால், மறுமுனை அதை நம்பி, பக்கத்து நினைவகத்தில் கிடந்த கடவுச்சொற்களையும் சேர்த்து வாரிக் கொடுத்தது. நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு நிபந்தனை இல்லை, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை.

குரூரின் 'ராஸ்' என்ற ஹாஸ்கெல் குறியாக்க நூலகம் கைவைப்பது இந்த இடத்தில்தான். சக ஆய்வாளர்கள் இருவருடன் 2016இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நினைவகத்தில் எங்கே, எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கை புரோகிராமரின் கையிலிருந்து எடுத்து இயற்கணிதத்திடம் ஒப்படைக்கிறது. கணக்கெல்லாம் சில வரிகளுக்குள் அடங்கிவிடுவதால், எல்லை மீறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அடுத்து 2018இல் வந்த 'வெர்ஸ்', குறியாக்க நிரல்களை எழுதுவதற்காக கோக்கிற்குள்ளேயே கட்டிய ஒரு குட்டி மொழி.

"இதற்கெல்லாம் செலவு யார் செய்வது?" என்ற கேள்வி நியாயமானதுதான். 2009இல் செல்4 என்ற இயங்குதளக் கருவின் சுமார் 8,700 வரி நிரலை நிரூபிக்க ஏறக்குறைய 2 லட்சம் வரிகள் தேவைப்பட்டன. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்புக்கு அவ்வளவு பாடு வேண்டாம். குறியாக்கத்துக்கும் கம்பைலருக்கும் வேண்டும். யூட்டா பல்கலைக்கழகத்தார் 2011இல் பல சி கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட பிழைகளைத் தோண்டி எடுத்தார்கள். மற்றவற்றில் குவிந்து கிடந்த நடுப்பகுதிப் பிழைகளில் ஒன்றுகூட, கோக்கில் நிரூபித்த காம்ப்செர்ட் என்ற கம்பைலரின் நடுப்பகுதியில் அகப்படவில்லை. கூகுள் குரோமிலும் குறியாக்கக் கணக்கின் ஒரு பகுதி கோக்கின் வழியாக உருவான நிரல்தான்.

வேலை பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. வாட்ஸாப்பின் சர்வர்கள் ஹாஸ்கெல்லைப் போலவே ஃபங்ஷனல் மொழியான எர்லாங்கில் கட்டப்பட்டவை. பங்கு வர்த்தகம் செய்யும் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் ஓகேமல் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியை நம்பி நடக்கிறது. அந்த ஓகேமல் பல கோர்களில் ஒரே சமயத்தில் ஓடும்படி 2022 டிசம்பரில் வெளிவந்த 5.0 பதிப்புக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன்.

சிறுசேரியிலுள்ள சென்னை கணிதக் கழகம் இளநிலை மாணவர்களுக்கே ஹாஸ்கெல் சொல்லிக்கொடுக்கிறது. அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் இணையதளத்தில் வீடியோக்களாக இலவசமாகவே கிடைக்கிறது. வாளையாறு எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள கல்லூரிகள் இதை ஒரு விருப்பப் பாடமாகவாவது வைக்கட்டும். வைக்காத கல்லூரியின் மாணவர்கள் அந்த வீடியோக்களைத் தாங்களே பார்த்துப் படிக்கட்டும்.