சபுராளியின் பேரர்களுக்கு

திருப்பூர் ராயபுரத்தில் (சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராயபுரத்தை எண்ணிவிட வேண்டாம்) ஒரு லைன் வீட்டுச் சுவரில் தொங்கிய அட்டையைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். "வீடு வாடகைக்கு. முஸ்லிம்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. அதன் கீழே வேறொரு மையில் "வடக்கத்தியர் வேண்டாம்" என்று சேர்த்திருந்தார்கள். அட்டையின் முன் ஓர் இளைஞர் நின்றிருந்தார். அஸர் தொழுகையில் என் தோளோடு தோள் உரச நின்றவர். பீகார்க்காரர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். தமிழ் எழுத்து அறியாதவராதலால், என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். என் ஓட்டை உருதுவில் முதல் வரியைச் சொன்னேன். இரண்டாம் வரியைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் முகம் மலர்ந்து கதவைத் தட்டப் போனார். நான் நில்லாமல் நடந்துவிட்டேன்.

அந்தக் கோழைத்தனத்துக்கு நான் செலுத்தும் அபராதமே இக்கட்டுரை.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். ஜகாத் தவறாதவர், நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்புபவர். அவர் பாட்டனார் பினாங்குக்குச் சபர் போனவர். இரும்புப் பட்டை அடித்த பாட்டனாரின் மரப்பெட்டி இன்றும் அவர் வீட்டு நடையில் இருக்கிறது. வருவோர்க்கெல்லாம் பெருமையோடு காட்டுகிறார். அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கிழவர் பினாங்கில் இறங்கிய அன்று, அங்கே அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

நாம் சொல்லுவோம். மலாய் நாட்டில் நம்மைக் 'கெலிங்' என்றார்கள். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் திரிபாகத் தொடங்கி, நாளடைவில் வசைச் சொல்லாகிப் போனது அது. 1801இல் நம்மவர் காதர் முகைதீன் எழுப்பிய பினாங்குப் பள்ளிவாசல் இன்றும் 'கப்பித்தான் கெலிங்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. பர்மாவில் நாம் 'கலா'. இலங்கையில், கரையோரம் சென்று வணிகம் செய்த நம்மவர்க்கு 'ஹம்பயா' என்று பெயர். 1915இல் கண்டியில் மூண்ட கலவரம் தீவின் பல பகுதிகளுக்கும் பரவியபோது, முதலில் குறிவைக்கப்பட்டவை நம் கடைகளும் பள்ளிவாசல்களுமே. "இவர்கள் வந்தேறிகள், நம் பணத்தைக் கட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள், விலையைக் குறைத்து நம் வணிகத்தைக் கெடுக்கிறார்கள்" என்பதே அன்று நம்மீது சாட்டப்பட்ட குற்றம். 1938இல் ரங்கூனிலும் இதே பாட்டுத்தான். 1942இல் ஜப்பானியருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்தே வந்தவர்களிலும், 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் வெறுங்கையோடு கப்பலேறியவர்களிலும் நம் குடும்பத்தார் எத்தனை பேர்!

ஐயா, அதே மூன்று குற்றச்சாட்டுகளையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் இன்று ராயபுரத்துத் தேநீர்க் கடையில் நாம் ஒப்பிக்கிறோமே, எங்கிருந்து கற்றோம்?

திருப்பூருக்கு வருவோம். இந்நகரில் 'மண்ணின் மைந்தர்' என்று மார்தட்டும் தகுதி யாருக்கு உண்டு? நகரத்தின் பெயரோடு ஒட்டிய கொடிகாத்த குமரன் 1904இல் சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காக இங்கு வந்து, 1932 ஜனவரியில் இந்த வீதியில் தடியடி பட்டு உயிர்விட்டவர். பனியன் தொழிலின் தொடக்கத்தை 1925ஆம் ஆண்டோடும் குலாம் காதர் என்ற நம்மவரோடும் சேர்த்துச் சொல்லுவது ஊர் வழக்கு. பின்னல் எந்திரத்தை எங்கே கண்டு கொண்டுவந்தாராம்? கல்கத்தாவில்! வங்காளத்திலிருந்து எந்திரம் வந்தபோது இருகரம் நீட்டி வாங்கிக் கொண்டோம். தொண்ணூறு ஆண்டு கழித்து வங்காளத்திலிருந்து மனிதன் வந்தால் அட்டை தொங்கவிடுகிறோம். அந்த எந்திரத்தை ஓட்ட முதலில் கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தும், பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கங்களிலிருந்தும் ஆள் வந்தார்கள். இன்று ராயபுரத்தில் வீட்டுக்காரராய் இருப்போரில் பலர் நேற்று இதே லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களே.

"அவர்கள் வந்ததால் கூலி குறைந்துவிட்டது" என்பார் உளர். இதில் ஓர் உண்மை ஒளிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கூலியை வைப்பவன் யார்? ஆர்டரை இழுத்துப் பிடித்து விலையைக் குறைக்கும் அயல்நாட்டு வாங்குவோரும், இடையில் கமிஷன் எடுக்கும் ஆள்பிடித் தரகருமே அன்றோ! பீஸ் ரேட் எவ்வளவு என்று தமிழில் கேட்கத் தெரியாதவனை ஏமாற்றுவது எளிது. அவனை ஏமாற்ற முடிவதால் பக்கத்து மேசையில் இருக்கும் தமிழ் டெய்லரின் ரேட்டும் ஏறுவதில்லை. அவனுக்கு மொழி தெரிவது நமக்குத்தான் இலாபம். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979இலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அப்படி ஒன்று இருந்ததைத் தன் மொழியில் அறிந்த தொழிலாளி எத்தனை பேர்?

இனி, கதைகளைப் பற்றி. கதை என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு 2023 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசி கைபேசியாய்ப் பறந்தன. ஹோலிக்குச் சில நாள் இருந்தது. ஊருக்குப் போகும் கூட்டத்தோடு அஞ்சி ஓடும் கூட்டமும் கலந்தது. அரசு மறுத்தது, காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது, பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து பார்த்துச் சென்றது. படங்கள் பொய் என்பது உறுதியாயிற்று. ஆயினும் கேளுங்கள்: ஆண்டுக்கணக்காய் நம் நடுவே வாழ்ந்தவர்கள் முன்பின் அறியாத ஒருவனின் பொய்யை ஏன் நம்பினார்கள்? நம்மைப் பற்றி அவர்களுக்கு வேறு கதை எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாது; அவர் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது தெரியாது. நமக்கும் அவர்களைப் பற்றி அப்படியே.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1887இல் சிங்கப்பூரில் மகதூம் சாயிபு 'சிங்கை நேசன்' இதழை நடத்தினாரே, எதற்காக? அக்கரையில் இருப்பவன் தன் செய்தியைத் தன் மொழியில் படிக்கவும், தன்னைப் பற்றித் தானே எழுதவும்தான். அதே சிங்கப்பூரில் 2014இல், கட்டட வேலைக்கு வந்த வங்காளதேசத் தொழிலாளருக்காகக் கவிதைப் போட்டி ஒன்று வைத்தார்கள். பின்னர் பிற மொழியினரும் அதில் கலந்துகொண்டனர். சிமெண்டு தூசி படிந்த கை எழுதியதை நூலகத்தில் அமர்ந்து கேட்ட சிங்கப்பூரார் பலர், தம் வீட்டைக் கட்டியவனின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2017இல் எழுத்தறிவு இயக்கத்தார் 'சங்ஙாதி' என்ற பெயரில் வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கினார்கள். சங்ஙாதி என்றால் தோழன். எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகளுக்காக 'ரோஷ்னி' என்ற திட்டமும் அதே ஆண்டில் தொடங்கிற்று. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அரசு செய்யட்டும் என்று கை கட்டி நிற்க நமக்கு வாயில்லை. நம் கையில் மஹல்லா ஜமாஅத் என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. பிறப்பும் நிக்காஹும் மவுத்தும் எழுதும் புத்தகம் அது. அதில் இந்தப் பீகார், வங்காள, அஸ்ஸாம் சகோதரர்களின் பெயர் உண்டா? இறந்தால் கபரில் வைக்க இடம் தருகிறோம், மறுக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது புத்தகத்தில் ஒரு வரி தரக்கூடாதா? முஸ்லிம் அல்லாத ஒடிசாக்காரர் தெருவில் இருந்தால், அவர் பெயரையும் அண்டை வீட்டார் என்று குறித்துக்கொண்டால் எந்தச் சட்டம் தடுக்கிறது?

கி.பி. 622இல் மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்தவரையும் இருந்தவரையும் ஒருவரோடு ஒருவர் சகோதரராக்கிய வரலாற்றை ஜும்ஆ மேடையில் கேட்டுக் கண் கலங்குகிறோம். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அதை வாங்கவில்லை. சந்தை எங்கே இருக்கிறது, வழி காட்டுங்கள் என்றார்; பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். ராயபுரத்து இளைஞரும் பாதிச் செல்வம் கேட்கவில்லை. வாடகை தந்து ஓர் அறை கேட்கிறார்.

பேசிவிட்டு ஒன்றும் செய்யாதவன் என்று என்னைச் சொல்லலாகாது. இம்மாதம் முதல் ஞாயிறு தோறும் இஷாவுக்குப் பின், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். அவர்கள் தம் ஊர்க் கதையைச் சொல்லுவார்கள்; உருது தெரிந்த ஆலிம் ஒருவர் தமிழாக்குவார். நம் கிழவர்கள் ரங்கூன், பினாங்குக் கதைகளைச் சொல்லுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் எழுதி வைப்பார்கள். தேநீர் என் பொறுப்பு. அந்த வீட்டுக்காரரையும், பாட்டனாரின் பெட்டியோடு வரும்படி நேரில் போய் அழைத்தேன். இரண்டாம் வரியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம்" என்றார், அட்டையை இன்னும் கழற்றவில்லை.