பலகைக்கு அங்கால

லொட்ஜ் கதை இல்லாத பற்ச் ஒன்றை நாங்கள் இன்னும் காணவில்லை. நேர்முகப் பரீட்சைக்கோ, வீசா அலுவலுக்கோ, ஆய்வுக்குத் தரவு சேர்க்கவோ கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மலிவான அறை எடுத்துத் தங்கின ஆரோ ஒருத்தரிடம் அந்தக் கதை இருக்கும். "மச்சான், பக்கத்து ரூமில..." என்று தொடங்குவார். கன்ரீனில் இருக்கிறவை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவினம். சொல்லுறவர் குரலைத் தாழ்த்தி, பிறகு ஒரு சத்தத்தை நடித்துக் காட்டுவார். சிரிப்பு வெடிக்கும். அவ்வளவுதான் கதை.

இந்தக் கதைகளைக் கனதரம் கேட்டதில் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. நடித்துக் காட்டப்படுகிற சத்தம் எப்பவும் பெண்ணுடையது. அறைக்குள் இருந்தது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தொண்டை இருக்கு. ஆனால் ஆம்பிளையின் குரலை ஆரும் நடித்துக் காட்டி நாங்கள் பார்த்ததேயில்லை. அவரைப் பற்றிக் கதைப்பதென்றால் "ஆள் கெட்டிக்காரன்" என்ற மாதிரி ஒரு வசனம் வரும். அதுவும் பாராட்டு. பகிடி முழுக்க அவளுடைய மூச்சிலேயே நிற்கிறது. அடுத்த நாள் காலமை படியில் இறங்கி வந்தபோது அவள் என்ன உடுத்தியிருந்தாள், பொட்டு வைத்திருந்தாளா, தாலி தெரிஞ்சுதா என்பதெல்லாம் கதையின் பின்னிணைப்பு.

"சத்தம் வந்தால் கேட்கத்தானே செய்யும், காதைக் கழட்டியா வைக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முதலில் மறுமொழி சொல்ல வேண்டும்.

எங்களுடைய மலிவு லொட்ஜுகளில் கனக்க, லொட்ஜாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு பழைய வீடோ கடையின் மேல்மாடியோ அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முழுக்கல் சுவர் என்றால் 9 அங்குலத் தடிப்பு. அரைக்கல் சுவர் என்றால் நாலரை. இங்கே நடுவில் நிற்பது பெரும்பாலும் ஒரு அங்குலம்கூடத் தடிப்பில்லாத பலகை. அந்தப் பலகையும் சீலிங் மட்டோடு நின்றுவிடும். சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி எல்லா அறைக்கும் பொது. ஒரு அறையின் சத்தம் மேலே ஏறி, நடந்து போய், அடுத்த அறையில் இறங்கும். கதவுக்கு மேலே காற்று வர விட்ட துவாரத்தாலும் சத்தம் வரும். கதவோ உள்ளுக்குள் வெறும் கோது. ஆகவே இருமல், குறட்டை, போனில் அம்மாவோடு கதைக்கிறது, பாத்ரூம் தண்ணி எல்லாம் கேட்கும். மற்றதும் கேட்கும். முதலாளி ஒரு அறைக்கான இடத்தில் இரண்டு அறைக் காசு எடுத்ததன் விளைவு அது. காதில் விழுந்ததற்காக ஆரையும் நாங்கள் குற்றம் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தக் கதைகளில் அடிக்கடி வருகிற இன்னொரு வசனத்தைக் கவனியுங்கள். "ஃபானை நிப்பாட்டிப் போட்டுக் கேட்டனாங்கள்." கொழும்பு வெக்கைக்குள் ஃபானை நிப்பாட்டுவது சின்ன விஷயமில்லை. வேர்த்து வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டில் கிரீச்சிடாமல் எழும்பி, பலகையில் காது வைக்கிறது தானாக நடக்கிற காரியமில்லை. அதற்கு முயற்சி வேண்டும். சிலர் கிளாஸ் எடுத்து வைத்ததையும் சொல்லியிருக்கிறார்கள். காதில் விழுவது வேறு, ஒட்டுக்கேட்பது வேறு என்று தமிழில் இரண்டு சொல் இருப்பது சும்மா இல்லை. ஃபான் சுவிச்சில் கை வைக்கிற அந்த நேரத்தில்தான் ஒன்று மற்றதாக மாறுகிறது.

பலகைக்கு அங்கால இருப்பது ஆர் என்றும் யோசிக்க வேண்டும். காசுள்ளவன் காலிமுகத்திடலைப் பார்த்த ஹோட்டலில் கல்லுச் சுவருக்குள் படுக்கிறான். அவனுடைய மூச்சு ஆருக்கும் பகிடியாவதில்லை. லொட்ஜுக்கு வருவது ஒரு மாத லீவில் மத்திய கிழக்கிலிருந்து வந்த மனுசியோடு, கூட்டுக் குடும்பத்தில் ஒரு இரவு கிடைக்காமல் வந்த புருஷன். ஸ்பொன்சர் வரும்வரை கொழும்பில் காத்திருக்கிற புதுச் சோடி. சாதியோ சமயமோ ஒத்துவராமல் இன்னும் வீட்டில் சொல்லாத இரண்டு பேர். வயது வந்த இரண்டு பேர் விரும்பி ஒரு அறையில் தங்குவது இந்த நாட்டில் குற்றமில்லை. அப்படியிருந்தும் மேசையில் அடையாள அட்டை கேட்டு, இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, "கலியாணம் முடிச்சவையோ?" என்று கேட்டு, மேலும் கீழும் பார்த்துத்தான் திறப்பு தருவார்கள். வெளியே கடற்கரையில் இருந்தால் பொலிஸ் வரும். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அறைக்குள் இருப்பது இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ என்றால் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவே தலைக்கு மேல் நிற்கிறது. அந்தக் குற்றத்தை நீக்கக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. பிரிவு எங்களுக்குத் தெரிந்தவரை அப்படியேதான் கிடக்கிறது. எங்களுக்குக் கன்ரீன் பகிடியாகப் படுகிற ஒரு சத்தம், அவர்களுக்குச் சாட்சியம்.

பலகைச் சுவர் எங்கட ஆக்களுக்குப் புதிதும் இல்லை. யுத்த காலத்தில் பாஸ்போட், மருத்துவம், வெளிநாட்டுப் பயணம் என்று எங்கள் அம்மா அப்பாமார் மாதக்கணக்கில் லொட்ஜுகளில் கிடந்தவை. 2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிஸ் புகுந்து, 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை போட்டது. அந்தக் காலத்தில் லொட்ஜில் இருந்தவர்களும் இரவிரவாகக் காது குடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கேட்டது படியில் ஏறுகிற சப்பாத்துச் சத்தத்தை.

பிறகு 2009. வன்னியிலிருந்து வந்த 3 இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் முகாம்களுக்குள். மெனிக் பாமில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையில் ஒரு தறப்பாள். மலையகத்தில் அதற்கும் எத்தனையோ தலைமுறைக்கு முந்தியே லயம். 10க்கு 12 அடி அறை, தகரக் கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். பழைய லயங்களில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாத இடங்களும் உண்டு. அங்கேயெல்லாம் மனுசர் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், சண்டை பிடித்தார்கள். எங்கள் மலையக நண்பர்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்னது, "கேட்கும், ஆனா கேட்டதா காட்டிக்க மாட்டோம்" என்பதுதான். காலையில் பீலியடியில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும், ஒரே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். சுவர் செய்யாத வேலையை மனுசர் செய்தார்கள். அதை நாங்கள் பெருமைப்படுத்தவில்லை. ஒழுங்கான சுவர் கட்டிக் குடுக்காதது அநியாயம்தான், அதே மறைப்புக்குள்தான் வேறு கொடுமைகளும் கிடந்தன. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் நாளைக்கும் பக்கத்தில் இருப்பார் என்ற நினைப்பு அங்கே ஒரு மரியாதையை உண்டாக்கியிருக்கிறது. லொட்ஜில் அந்த நினைப்பு இல்லை. நாளைக்குக் காலமை அவர்கள் ஆரோ, நாங்கள் ஆரோ. அதனால்தான் கூச்சமில்லாமல் கிளாஸ் எடுக்க முடிகிறது.

"கேட்டது ஆருக்கும் தெரியாது, அதால ஆருக்கு என்ன நட்டம்?" என்று எங்கள் துறையிலேயே ஒருத்தர் வாதிட்டார். இப்போது எல்லாருடைய கையிலும் போன். காது கேட்டது ரெக்கோட்டாகி, வட்ஸ்அப்பில் போய், ஊர் பேர் தெரியாத ஆயிரம் காதுக்குள் விழுகிறது. தென்கொரியாவில் 2019 மார்ச்சில் பொலிஸார் வெளிப்படுத்திய வழக்கைப் பாருங்கள். 10 நகரங்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில், ரீவிப் பெட்டியிலும் பிளக் துவாரத்திலும் தலைமயிர் காயவைக்கும் மெஷின் தாங்கியிலும் சின்னக் கமெரா. ஏறத்தாழ 1,600 விருந்தாளிகள் காசுக்கு நேரலையாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் தாங்கள் பார்க்கப்பட்டதே தெரியாது. தெரியாததால் நட்டமில்லை என்று அந்த 1,600 பேரில் ஒருத்தருக்குச் சொல்லிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். கே தலீஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2016இல் ஜெரால்ட் ஃபூஸ் என்ற மோட்டல் முதலாளியைப் பற்றி எழுதினார். கொலராடோ மாநிலத்தில் ஓரோரா என்ற ஊரில் மோட்டல் நடத்திய ஃபூஸ், அறைகளின் சீலிங்கில் போலிக் காற்றுத் துவாரம் வெட்டி, மேலே படுத்திருந்து, விருந்தாளிகளைப் பல வருடமாகப் பார்த்துக் குறிப்பெழுதியவர். தன்னை ஓர் ஆய்வாளர் என்று வேறு சொல்லிக்கொண்டார். (கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு 'ஆய்வு' என்ற சொல்லை அவர் பாவித்த விதம் கொஞ்சம் குத்தத்தான் செய்தது.) அந்தாளின் குறிப்புகள் எவ்வளவு உண்மை என்பதில் பிறகு பெரிய சந்தேகம் வந்தது. அதில் ஒரு பகுதி: 1977இல் ஒரு ஆண் தன் காதலியின் கழுத்தை நெரித்ததை மேலேயிருந்து பார்த்ததாகவும், அவள் மூச்சு விடுவதாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டதாகவும், அடுத்த நாள் அவள் செத்துக் கிடந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அப்படியொரு கொலை பொலிஸ் பதிவில் இருக்கவில்லை. நடந்ததோ கற்பனையோ, அவர் தன்னைப் பற்றித் தானே எழுதினது அது. இன்பத்தைப் பார்க்க ஏறினவர், கொலையைக் கண்டும் இறங்கவில்லை.

அவரை எங்கோ அமெரிக்காவில் ஒரு பைத்தியம் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. ஏனென்றால் லொட்ஜ் கதைகளில் இன்னொரு வகையும் இருக்கிறது. பகிடி இல்லாதபடியால் அது அதிகம் சொல்லப்படுவதில்லை. பக்கத்து அறையில் அடி விழுகிற சத்தம். ஒரு பெண் "வேண்டாம்" என்கிறாள், அழுகிறாள், ஏதோ சாமான் உடைகிறது. அப்போது எங்கட ஆக்கள் என்ன செய்தவை என்று கேட்டால் மறுமொழி ஒன்றுதான்: "அது குடும்பப் பிரச்சினை, நாங்கள் ரீவியைக் கூட்டி வைச்சிட்டுப் படுத்திட்டம்." அதே பலகை, அதே காது. அந்தரங்கம் என்ற சொல்லை நாங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் விரும்பி இருந்தால் ஃபானை நிப்பாட்டுகிறோம். ஒருத்தி அடிவாங்கினால் ரீவியைக் கூட்டுகிறோம்.

சட்டமும் இதில் முழுதாகக் கை குடுப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் நீதிமன்றம் பிரித்துவைத்திருந்தால் ஒழிய, புருஷன் மனுசியைப் பலாத்காரம் செய்வதை எங்கள் தண்டனைச் சட்டக் கோவை பாலியல் வல்லுறவாக எடுப்பதில்லை. அந்த அறையில் "வேண்டாம்" என்று சொன்னவளுக்குத் தாலி இருந்தால், அவளுடைய சொல்லுக்குச் சட்டத்தின் காதும் கொஞ்சம் மந்தம்தான்.

"எந்தச் சத்தம் எதென்று எப்படித் தெரியும்? போய்த் தட்டி, அசிங்கப்படுறதோ?" இதுவும் எங்களிடம் கேட்கப்பட்டது. இந்தியாவில் 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் போய் மணியை அடி, அவ்வளவுதான். சண்டைக்குப் போகத் தேவையில்லை. பால் இருக்கா, நேரம் என்ன, போன் சார்ஜர் இருக்கா, எதையும் கேட்கலாம். அடிக்கிற கை ஒரு நிமிஷம் நிற்கும், வெளியே ஆள் இருப்பது அவனுக்குத் தெரியும். லொட்ஜில் அது இன்னும் லேசு. "அண்ணை, கரண்ட் இருக்கா?" என்று கேட்டால் ஆரும் சந்தேகப்படமாட்டினம். பிழையாகத் தட்டினால் ஒரு சோடிக்கு ஐந்து நிமிஷம் எரிச்சல். தட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது கதவைத் திறக்கும்வரை தெரியாது. மேசையில் இருக்கிறவரை எழுப்பலாம். 119 இருக்கு. பெண்களுக்கான 1938 இருக்கு.

மற்றச் சத்தத்துக்கும் வழி உண்டு. நித்திரை கொள்ளக் காசு கட்டினவர்களுக்கு நித்திரை கொள்ள உரிமை இருக்குத்தான். நல்ல பலமாக ஒரு இருமல் இருமலாம். ஃபானை நிப்பாட்டாமல் கூட்டலாம். பலகை மெல்லியது என்று அங்கால இருக்கிறவைக்குத் தெரியப்படுத்தினால் பெரும்பாலும் அவர்களே அடங்கிவிடுவார்கள். சுவரில் குத்திச் சிரிக்கத் தேவையில்லை.

இதை எழுதுவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பற்ச் பெட்டையளிடம் லொட்ஜ் கதை ஏதும் இருக்கா என்று கேட்டோம். அவர்களிடம் இருந்தது வேறு விதமான விவரம். அறைக்குள் போனதும் முதல் வேலை திறப்புத் துவாரத்துக்குள் ரிசூவைச் சுருட்டி அடைப்பது. கதவுக்குக் கீழ் இடைவெளிக்குத் துவாய். கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பார்ப்பது. லைற்றை நூத்துப் போட்டு, ரீவிக்குப் பக்கத்திலும் பாத்ரூம் மூலையிலும் சிவப்புப் புள்ளி ஏதும் மினுங்குதா என்று போன் கமெராவால் தேடுவது. கதவுக்கு உள்பக்கம் கதிரையை முட்டுக் குடுப்பது. இரவில் போன் கதைப்பதென்றால் போர்வைக்குள். முதல்தரம் கொழும்புக்கு வந்த ஒருத்திக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது அவளுடைய அக்கா. அக்காவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது என்று கேட்டோம். "அவவுக்கு அம்மா. 2006இல அம்மா மூண்டு மாசம் லொட்ஜில இருந்தவ" என்றாள்.