த்ராஷ் வெறும் சத்தமா?

ஹாஸ்டலில் மெட்டாலிகா போட்டால் தலையாட்டுகிறீர்கள். 'ருத்ரா' போட்டால் மட்டும் "நிறுத்துடா, தலைவலி!" என்கிறீர்கள். என்ன நியாயம் இது?

1992-ல் சிங்கப்பூரில் தொடங்கிய குழு அது. பாடி, பேஸ் கிடாரும் வாசிக்கும் கதிர் தமிழ் வம்சாவளி. டெத் மெட்டலோடு த்ராஷ் வேகமும் கலந்த இசை. 2005-ல் வந்த 'பிரம்மவித்யா: ப்ரைமோர்டியல் ஐ' முழுக்க வேதாந்தம்! சாத்தானைப் பாடிய இசைக்குள் உபநிஷத்தைக் கொண்டுவந்த துணிச்சலுக்கே ஒரு சபாஷ். எங்கள் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் தேர் நகரும்போது தவில் உச்சத்துக்குப் போகுமே, அந்த உதறல் இந்த டிரம்மிலும் உண்டு.

குறை இல்லாமலா? நாலாவது பாட்டில் காது மரத்துவிடும். உறுமுகிற உறுமலில் சுலோகம் எது, ஆங்கிலம் எது என்றே தெரியாது.

என் பெரிய வருத்தம் வேறு. பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்தான். சிவவாக்கியர் கோபத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை உண்டா? எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டு புரிகிற முதல் ஆள் நான். அம்மாவுக்கும் புரியட்டுமே!

மெக்கானிக்கலில் கிடார் வாசிக்கும் அண்ணன்கள் இருக்கிறீர்கள். ஒரு சித்தர் பாட்டை எடுங்கள். தவிலுக்கு ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவது என் பொறுப்பு.