சுத்தம் சுகம் தராத இடம்

"அண்ணை, கிழமைக்கொருக்கா ஃபில்டரைப் பிரிச்சு, ஸ்பொஞ்சு வெள்ளையாகுமட்டும் கழுவிறன். பிறகும் ஏன் மீன் சாகுது?"

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் கீழ்வீட்டுத் தம்பி இப்படிக் கேட்டது ஒரு ஜனவரி ஞாயிறு மாலை. கையில் வலை. வலைக்குள் மூன்றாவது தங்கமீன். குசினித் தொட்டியில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃபில்டரின் உறுப்புகள் கல்யாணவீட்டுப் பாத்திரம்போல மினுங்கின. அவர் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. அதை அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மீன் தொட்டி வைத்திருக்கிற பத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டிலாவது இந்த நம்பிக்கை இருக்கும் என்று நினைக்கிறேன்: ஃபில்டர் என்பது குப்பைக்கூடை, அடிக்கடி கொட்டிக் கழுவினால் மீன் நலமாக இருக்கும். நம்மவரைக் குறைசொல்லியும் பயனில்லை. "சுத்தம் சுகம் தரும்" என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு கழுவி வளர்ந்தவர்கள். மண்நிறத்தில் வழுவழுப்பாக ஒரு ஸ்பொஞ்சைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஆனால் அந்த வழுவழுப்பைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கவேண்டும். அதை எந்தக் கடையிலும் ஃபில்டரோடு சேர்த்துப் பெட்டியில் தருவதில்லை.

மீனின் கழிவில் பெரும்பகுதி அமோனியா. செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கும். அதற்கு நிறமில்லை, பஞ்சில் சிக்காது. ஸ்பொஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று நைட்ரைட்டாக்குகின்றன. வேறொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. இந்த நுண்ணுயிர்களை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 அளவிலேயே பிரித்தறிந்துவிட்டார். மீன் தொட்டிக்குள் வேலை செய்வது யார் யார் என்பது தெரியவர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் காட்டினார்கள். 2011இல் பக்கத்து ஒன்டாரியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுத் தொட்டிகளின் ஃபில்டர்களையும் கடைத் தொட்டிகளின் ஃபில்டர்களையும் எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளில் அமோனியாவைத் தின்பவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு இனம் என்று கண்டார்கள். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. அவை எங்கே இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். ஸ்பொஞ்சு, பீங்கான் வளையம், சரளைக்கல் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டிருப்பவைதான் பெரும்பான்மை.

தயிருக்கு உறை ஊற்றுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்துவைக்காமல் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, காலையில் பால் ஏன் உறையவில்லை என்று யாராவது கேட்டால் சிரிப்போம். அதிலும் தயிர்க் கிருமி வேகமாகப் பெருகும், ஒரே இரவில் பால் உறைந்துவிடும். அமோனியா தின்னிகள் மெத்தனமானவை. ஒன்று இரண்டாக அரை நாள், சிலவேளை ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி பழகுவதற்கு நாலு முதல் ஆறு கிழமை தேவைப்படுகிறது. கிழமைக்கொருமுறை தேய்த்துக் கழுவுகிறவரின் தொட்டி எத்தனை வருடமானாலும் புதுத் தொட்டிதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசினால் எல்லாம் செத்துப்போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் படலம் கொஞ்சம் தாங்கும். தாங்காதது தம்பி செய்தது: வெந்நீர், பிரஷ், கடைசியில் "கிருமி போகட்டும்" என்று ரெண்டு மூடி ஜாவெல் (ப்ளீச்). அதே நாளில் பழைய காட்ரிட்ஜை எறிந்துவிட்டுப் புதியதும் போட்டிருந்தார்.

என்னிடமிருந்த சோதனைத் துளிகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் துளிகள், ஐந்து நிமிடம். அமோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கவேண்டும். எங்கள் கண்முன்னே பச்சையாகியது, குழந்தைக்கும் தெரிகிற பச்சை. தொட்டித் தண்ணீரோ பளிங்குபோல இருந்தது. "இவ்வளவு கிளீனா இருக்கே!" என்றார். அதுதான் சிக்கல். மிச்ச இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அமோனியா செவுளை எரிக்கும். அடுத்துச் சேரும் நைட்ரைட் இரத்தத்துக்குள் போய், பிராணவாயு சுமக்கும் நிறமியைப் பழுதாக்கும், இரத்தமே பழுப்பாகும். தண்ணீரில் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். இதைப் பார்த்த மனிதர் என்ன நினைப்பார்? அழுக்குச் சேர்ந்துவிட்டது, இன்னொருமுறை கழுவுவோம். இப்படித்தான் மூன்று மீன் போனது.

அப்படியென்றால் ஃபில்டரைத் தொடவே கூடாதா? அதுவும் பிழை. கழிவு அடைத்து நீரோட்டம் குறைந்தால் அதே நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு கிடைக்காது. பார்க்கவேண்டியது நாட்காட்டியை அல்ல, தண்ணீர் வந்துவிழும் வேகத்தை. வேகம் தளர்ந்தால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் ஸ்பொஞ்சை மூன்று நாலு தரம் பிழிந்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். பழுப்புத் தண்ணீர் வரும். மழை பெய்த மண்ணின் மணம் இருக்கும். அந்த மணம் நல்ல அறிகுறி. ஸ்பொஞ்சு வெள்ளையாகத் தேவையில்லை. தொட்டிச் சுவரில் தொங்குகிற சிறிய ஃபில்டருக்கு மாதமொருமுறை போல வரும், கீழே வைக்கிற பெரிய கனிஸ்டருக்கு இரண்டு மூன்று மாதம். தங்கமீன் அதிகம் கழிக்கிற சாதி. கொஞ்சம் முந்தி வரலாம். ஸ்பொஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் தொடாதீர்கள். கிழமைக்கொருமுறை மாற்றவேண்டியது தண்ணீர்: கால்வாசி போதும், குளோரின் நீக்கும் மருந்து போட்டு, சூடு சமனாக்கி. ஜனவரியில் சென் லோரன்ஸ் ஆற்றிலிருந்து வரும் நம் குழாய்த் தண்ணீர் கையையே கடிக்கும். மீன் என்ன செய்யும்?

மாதமொரு காட்ரிட்ஜ் மாற்று என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு சொல். அதிலுள்ள கரி சில கிழமையில் ஓய்ந்துபோவது உண்மை. கரி ஓய்ந்தால் மீன் சாகாது. கரியோடு சேர்த்து எறிகிற பஞ்சில்தான் மீனின் உயிர் இருக்கிறது. மருந்து பாவித்த தண்ணீரைத் தெளிவாக்கும் தேவை இல்லாவிட்டால் கரியே வேண்டாம், ஒரு சாதாரண ஸ்பொஞ்சு வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் வருடக்கணக்கில் உழைப்பதை மாதாமாதம் விற்கமுடியாதே!

செயின்ட்-மிஷேல்காரருக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு விந்தை. பிரெடரிக்-பாக் பூங்காவில் பிள்ளைகளோடு நடக்கிறோம். முன்பு மிரோன் கற்சுரங்கம். பிறகு மொன்றியலின் குப்பைக் கிடங்கு. காலுக்குக் கீழே சுமார் 40 மில்லியன் தொன் குப்பை கிடக்கிறது. யாரும் அதைத் தோண்டி எடுத்துக் கழுவவில்லை. நுண்ணுயிர்கள் தின்கின்றன, அவை விடும் வாயுவைக் கிணறுகள் வழியாக உறிஞ்சி மின்சாரம் எடுத்தார்கள். புல்லுக்கு நடுவே நிற்கிற, பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற அந்த வெள்ளை உருண்டைகள் அந்தக் கிணறுகளின் மூடிகள்தான். ஊரே அழுக்கைத் தின்னும் உயிர்களை நம்பி அதன்மேல் பூங்கா போட்டிருக்க, வீட்டுக்குள் நாம் ஜாவெல் போத்தலோடு நிற்கிறோம்.

தம்பி இப்போது கழுவுவதில்லை. இரண்டு மீனும் பிழைத்துவிட்டன. நான் தந்தது என் தொட்டியின் அழுக்கு ஸ்பொஞ்சில் பாதி, அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றச் சொன்னேன், இரை போடுவதைப் பாதியாக்கினோம்.

ஜூலை முதலாம் தேதி மொன்றியல் பாதி வீடு மாறும். போகிறபோது "புது வீட்டுக்குப் புதுசாக" என்று ஃபில்டரைத் தேய்த்துவைக்காதீர்கள். மூடிய ஃபில்டருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள், சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்து உள்ளே அழுகத் தொடங்கும். ஸ்பொஞ்சை வெளியே எடுத்து, திறந்த வாளியில், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, வான் வண்டியில் உங்கள் காலடியில் வைத்துக்கொண்டு போங்கள். சோபா பிறகு வரட்டும்.