பொந்துக்குள்ள ஒரு ஊர்!

செமஸ்டர் லீவுன்னா ஊட்டி, கொடைக்கானல்னே பிளான் போட்டுப் பழகியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் தூரமா போவோமா?

கார்ல இருந்து இறங்கிப் பார்த்தா, 'எங்கேப்பா ஊரைக் காணோம்?'னுதான் கேப்பீங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மண்மேடுகள். நடுநடுவே தரையில இருந்து முளைச்ச பைப்புகள். அந்தப் பைப், வீட்டுக்குக் காத்து போற வழி. வீடு? உங்க காலுக்குக் கீழே!

ஊர் பேரு கூபர் பீடி. (புகைக்கிற பீடி இல்லீங்க!) தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கி.மீ. மாஸ்டர்ஸ் படிக்க அந்தப் பக்கம் போன சீனியர் யாராச்சும் இருந்தா இப்பவே ஒரு மெயில் தட்டிடுங்க, கார் வாடகையை ஷேர் பண்ண ஆள் வேணும்ல? ஆனா, கடைசி 250 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க்கே கிடையாது. வழியில பாதி தூரம் செல்போன் சிக்னலும் அம்போ. டேங்க்கை ஃபுல் பண்ணி, தண்ணி கேன்களை அடுக்கிட்டுத்தான் கிளம்பணும். ராத்திரி டிரைவிங் வேண்டவே வேண்டாம். கங்காரு ஹெட்லைட் வெளிச்சத்துக்கு நேரா வந்து நிக்கும்.

1915-ல தங்கம் தேடி வந்த ஒரு குழு, தண்ணி இல்லாம தவிச்சுக்கிட்டு இருந்தது. அதுல இருந்த வில்லி ஹட்சிசனுக்கு வயசு 14. நம்ம ஊர்ல ஒன்பதாவது படிக்கிற வயசு. அந்தப் பையன் கண்ணுல பட்டதுதான் ஓப்பல் கல். வெளிச்சம் படுற கோணம் மாறினா பச்சை, நீலம், சிவப்புன்னு ஜாலம் காட்டுற அதே கல். அப்புறம் என்ன... தோண்டு தோண்டுன்னு தோண்டினாங்க. பழங்குடி மக்கள் இதைப் பார்த்துட்டு, 'வெள்ளைக்காரன் பொந்து'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்ச பேருதான் மருவி கூபர் பீடி ஆச்சுன்னு சொல்றாங்க. செம நக்கல்!

கோடையில வெளியே 45 டிகிரியைத் தொடும் வெயில். உள்ளே ஏ.சி. இல்லாமலே 24 டிகிரி பக்கம் ஜில்லுனு நிக்கும். முதல் உலகப்போர்ல பதுங்குகுழியில வாழ்ந்து திரும்பின சிப்பாய்கள்தான் இந்த ஐடியாவைக் கொண்டுவந்தாங்களாம். இப்ப பாதி ஊர் பூமிக்குள்ளதான். சர்ச், ஹோட்டல், புத்தகக்கடை எல்லாமே குகை. அலமாரி வேணும்னா சுவரைக் குடைஞ்சா போதும். குடையும்போது ஓப்பல் கிடைச்சா அது போனஸ்!

ஒரு சீரியஸ் மேட்டர். ஊரைச் சுத்தி லட்சத்துக்கும் மேல சுரங்கக்குழிகள். பலதும் மூடாம வாயைத் திறந்துகிட்டு கிடக்கு. கேமராவைக் கண்ணுல வெச்சுக்கிட்டு, 'இன்னும் கொஞ்சம் பின்னாடி போ மச்சி'ன்னு சொல்ற பழக்கத்தை இங்கே விட்டுடுங்க. 'பின்பக்கமா நடக்காதே'ன்னு போர்டே வெச்சிருக்காங்க. மேல சின்னதா தெரியுற குழி, பல மாடி ஆழம் இருக்கும்.

சுரங்கத்துல இருந்து கொட்டின மண்ணைக் கிளறி, மிச்சம்மீதி ஓப்பல் தேடுறதுக்கு 'நூட்லிங்'னு பேரு. ஊருக்குள்ள இதுக்குன்னே இடம் விட்டிருக்காங்க, ஓசிதான். அடுத்தவன் குவியல்ல கை வெச்சா மட்டும் வம்பு. கிடைக்கலைன்னு கடையில வாங்கப் போனா உஷார்! 'முழுக் கல்லா, டப்லெட்டா, டிரிப்லெட்டா?'ன்னு முதல்ல கேளுங்க. டப்லெட்னா மெல்லிசா ஒரு ஓப்பல் தகடை கறுப்பு அடித்தளத்துல ஒட்டினது. டிரிப்லெட்ல மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடியும் சேரும். பார்க்க மூணும் பளபளன்னுதான் இருக்கும், விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். என்னைக் கேட்டா, பாக்கெட் மணியில வர்ற சின்ன டிரிப்லெட் போதும், அது டிரிப்லெட்னு தெரிஞ்சே வாங்கினா சரி.

சாயங்காலம் வடக்கே 30 கி.மீ. போனா 'கன்கு பிரேக்அவேஸ்'. தட்டையான பூமி திடீர்னு உடைஞ்சு சரிய, கீழே வெள்ளை, மஞ்சள், செங்காவி நிறத்துல குன்றுகள். சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்துச்சு! பக்கத்து நிலாச் சமவெளியில இன்னிக்கும் சிப்பிப் படிமங்கள் கிடைக்குது. 'மேட் மேக்ஸ்' மூணாவது பாகத்தை (1985) இந்த ஏரியாவுலதான் எடுத்தாங்க. அக்கம்பக்கமா நிக்கிற ரெண்டு குன்றுகள், இங்குள்ள பழங்குடிக் கதையில ரெண்டு நாய்கள். நாம செட் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்ற இடம், அவங்களுக்குக் கதையும் கடவுளும் இருக்கிற பூமி. இந்தப் பகுதியில அவங்களுக்கு இருக்கிற பாரம்பரிய உரிமையைக் கோர்ட் ஏத்துக்கிட்டதே 2011-லதான். அதனால பாதையை விட்டு இறங்கி ஏறாதீங்க, கல்லு பொறுக்காதீங்க.

திரும்புற வழியில ஒரு கம்பி வேலி வரும். ஆடுகளை டிங்கோ நாய்கள்கிட்ட இருந்து காப்பாத்தப் போட்டது. நீளம் 5,600 கி.மீ.க்கு மேல! முழுசா பார்க்க ஆசைப்படாம ஒரு போட்டோ எடுத்துக்குங்க. மேகம் கறுத்தா மட்டும் சீக்கிரம் வண்டியைத் திருப்பிடுங்க. நாலு தூறல் விழுந்தாலே மண் ரோட்டை மூடிடுவாங்க, மீறி ஓட்டினா அபராதம்.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள போறது பெஸ்ட். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. ரூம் புக் பண்ணும்போது மறக்காம பூமிக்கு அடியிலேயே கேளுங்க. லைட்டை அணைச்சா உங்க கையே உங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு தூக்கம்!