பொறுப்பைப் பறிக்காதீர்கள், சட்டையைத் தைத்துக் கொடுங்கள்!

"சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும்?" கிள்ளையில் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் சொல் இது. மதரஸாவில் குர்ஆனின் நீண்ட அத்தியாயத்தை மனனமாக ஒப்புவிக்கும் பிள்ளையை, கடைக்கு அனுப்பிச் சில்லறை எண்ணி வாங்கி வரச் சொல்லவும் தயங்குகிறோம். இது பாசமன்று, அவநம்பிக்கை.

அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தம் கூட்டத்தாரில் குர்ஆனை மிகுதியாக அறிந்திருந்ததால், ஆறு அல்லது ஏழு வயதிலேயே அவர்களுக்கு இமாமாக நின்றார். ஸுஜூதில் அவருடைய குறுகிய ஆடை விலகியது. ஒரு பெண்மணி அதைச் சுட்டிக்காட்டினார். மக்கள் சிறுவரை நீக்கவில்லை. துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். சிறுவர் இமாமத் குறித்து மத்ஹபுகள் வேறுபடலாம்; பெற்றோருக்கான பாடம் ஒன்றே.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியின் ரிஃபாத் ஷாரூக், 18 வயதில் தம் குழுவினருடன் உருவாக்கிய 64 கிராம் செயற்கைக்கோள், 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் பறந்தது. எல்லாப் பிள்ளைகளும் செயற்கைக்கோள் செய்ய வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கை எழுதட்டும்; தம்பிக்கு ஓதிக் கொடுக்கட்டும். தவறினால் குறையைத் திருத்துங்கள், பொறுப்பைப் பறிக்காதீர்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடலாமா?