கேமரா சண்டையும் கடிகாரமும்

பெருங்குடல் புற்றுநோய் ஒரே ராத்திரியில் வந்து உட்காருவதில்லை. குடலின் உட்சுவரில் அடினோமா என்ற சின்ன முளையாக ஆரம்பிக்கும். அதில் சில மட்டும், பல வருடங்கள் எடுத்துக்கொண்டு புற்றாக மாறும். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்த்து வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்தோம். பார்க்காமல் விட்டால்? "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். முளையும் கூடவே போகும்.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை சோதனை செய்த ஆய்வுகளை 2019-ல் தொகுத்தார்கள். முதல் தடவையில் தவறவிட்ட அடினோமாக்கள் சுமார் 26 சதவீதம். நாலில் ஒன்று!

இந்த ஓட்டையை அடைக்கத்தான் கம்பெனிகள் வரிசைகட்டி வருகின்றன. சாயம் தெளித்துப் பார்ப்பது ஒரு வழி. நீல, பச்சை ஒளியில் ரத்தக் குழாய்களை எடுப்பாகக் காட்டும் என்.பி.ஐ. இன்னொன்று. குழாய் நுனியில் மாட்டி மடிப்புகளை விரிக்கும் தொப்பி மற்றொன்று. எல்லாவற்றையும் மிஞ்சியது, மூன்று லென்ஸ் வைத்த ஃப்யூஸ். 2014-ல் வந்த ஆய்வில் சாதாரண ஸ்கோப் 41 சதவீத அடினோமாவைக் கோட்டைவிட, ஃப்யூஸ் விட்டது 7 சதவீதம்தானாம். அடேங்கப்பா! ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. பிறகு இத்தாலியில் இன்னும் அதிகம் பேரை வைத்து ஒப்பிட்டபோது, அடினோமா கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

என்.பி.ஐ. கதையும் கிட்டத்தட்ட இதேதான். முதல் தலைமுறைக் கருவி பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. வெளிச்சம் கூட்டிய அடுத்த தலைமுறை கொஞ்சம் உதவியது, அதுவும் குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்தால். (பேதி மருந்தை முந்தின நாளே மொத்தமாகக் குடிக்காமல், பாதியைச் சோதனையன்று காலையில் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். செலவு? பூஜ்யம். அதனால்தானோ என்னவோ, அதற்கு விளம்பரமே இல்லை.)

இப்போது கருவியை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போம். 2006-ல் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் ஒரே குழுவில் வேலை செய்த 12 டாக்டர்களைக் கணக்கெடுத்தார்கள். குழாயை வெளியே இழுக்கும்போதுதான் தேடல் நடக்கிறது. அதற்குச் சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ செலவழித்தவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் அடினோமாவைக் கண்டுபிடித்தார்கள். அவசரக்காரர்கள் 11.8 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல்! எந்தப் புதுக் கேமராவும் நம்பும்படியாக இவ்வளவு வித்தியாசம் காட்டியதில்லை.

2014-ல் கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே ஆய்வு இதைவிடப் பயங்கரம். 136 டாக்டர்கள். கண்டுபிடிப்பு விகிதம் ஒருவருக்கு 7.4 சதவீதம், இன்னொருவருக்கு 52.5. இந்த விகிதம் 1 சதவீதம் கூடினால், நோயாளிக்குப் பின்னால் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைகிறது. ஆக, யாரிடம் போய்ப் படுக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் எந்த டாக்டரும் வாசலில் எழுதி வைப்பதில்லை. பங்கு விற்கும் கம்பெனி கணக்கை வெளியிட்டே ஆகவேண்டும். குடலுக்குள் குழாய் விடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாதா?

"ஏ.ஐ. வந்தாச்சு, இனி ஆள் யாராக இருந்தால் என்ன" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. திரையில் சந்தேகமான இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருளுக்கு 2021-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தின வருட இத்தாலிய ஆய்வில் கண்டுபிடிப்பு 40.4-லிருந்து 54.8 சதவீதத்துக்கு ஏறியதும் உண்மை. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் பொடிசுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மென்பொருள் திரையில் தெரிவதைத்தான் பார்க்கும், மடிப்புக்குப் பின்னால் இருப்பதை டாக்டர்தான் கொண்டுவந்து காட்ட வேண்டும். 2025-ல் போலந்திலிருந்து வந்த ஆய்வு இன்னொரு குட்டைப் போட்டது. ஏ.ஐ.க்குப் பழகிய டாக்டர்கள் அது இல்லாமல் செய்தபோது, விகிதம் 28.4-லிருந்து 22.4-க்கு இறங்கியிருந்தது.

விகிதத்தை வெளியிட்டால் டாக்டர்கள் ஒரு முளையைக் கண்டதும் "கணக்கு முடிந்தது" என்று மற்றதைத் தேடாமல் விடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான பயம்தான். அப்படியானால் ஒரு சோதனைக்குச் சராசரியாக எத்தனை அடினோமா எடுத்தார் என்று எண்ணட்டும். அந்த அளவுகோலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையும் வாசலில் எழுதட்டும்.